டெக்சாஸில் கைப்பையில் துப்பாக்கி: "லைசென்ஸே வேண்டாமாமே?"

வாசகர் கேள்வி:

டெக்சாஸ் இர்விங்கில் இருக்கிறோம். சின்னதாக ஒரு பலகாரக் கடை நடத்துகிறேன். இரவு ஒன்பதரைக்குக் கடையை மூடிவிட்டு அன்றைய வசூலோடு தனியாகத்தான் காருக்கு நடக்கிறேன். பக்கத்துக் கடையில் இரண்டு முறை திருட்டு நடந்துவிட்டது. "இங்கே லைசென்ஸே வேண்டாம், ஒன்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்" என்கிறார் கணவர். அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்று நான்கு ஆண்டு ஆகிறது. எனக்குக் கிரீன் கார்டு கிடைத்து இரண்டு ஆண்டு. பத்து வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள். யு.டி. டல்லாஸில் எஃப்-1 விசாவில் படிக்கும் என் தம்பியும் எங்களோடுதான் இருக்கிறான். நான் இல்லாத நாளில் கடைச் சாவி அவனிடம்தான். டிசம்பரில் நியூ ஜெர்சி எடிசனில் உள்ள அக்கா வீட்டுக்குக் காரிலேயே போகிறோம். லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாமா? அக்கா ஊருக்குக் கொண்டுபோகலாமா? அவசரத்துக்குத் தம்பியிடம் கொடுக்கலாமா?

வழக்கறிஞர் பதில்:

சகோதரி, உங்கள் கணவர் சொன்னது முக்கால்வாசி சரி. அவர் சொல்லாமல் விட்ட கால்வாசியில்தான் உங்கள் கிரீன் கார்டும் தம்பியின் படிப்பும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்று கேள்விக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸுக்குள் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உங்கள் நிலையில் இருப்பவர் அப்படிச் செய்யாமலிருப்பது நல்லது. நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோகவே கூடாது. தம்பி கையில் ஒரு நொடிகூடக் கொடுக்கக் கூடாது.

இனி விவரம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் எச்.பி. 1927 என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் பொது இடத்தில் கைத்துப்பாக்கியோடு நடமாட மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் லைசென்ஸ் கட்டாயம். இப்போது 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம்; உறையில் இருந்தால் வெளியே தெரியும்படியும் வைத்துக்கொள்ளலாம். இது டெக்சாஸின் புதுமையும் அல்ல. வெர்மான்ட் மாநிலத்தில் இப்படியொரு லைசென்ஸ் முறை இருந்ததே இல்லை. அலாஸ்கா 2003இலும் அரிசோனா 2010இலும் கைவிட்டன. 2024 ஜூலையில் லூசியானா சேர்ந்தபோது கணக்கு 29 மாநிலங்கள்.

நம் ஊரில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே முடியாது. அதனால் "உரிமம் வேண்டாம்" என்று கேட்டதும் "கட்டுப்பாடே இல்லை" என்று நம் காதில் விழுகிறது. நடந்தது அதுவல்ல. வாசலில் நின்று சீட்டுக் கேட்ட ஆளை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள். யார் வரலாம், எங்கே வரலாம், எந்த நிலையில் வரலாம் என்ற விதிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. லைசென்ஸ் வகுப்பில் அவற்றைச் சொல்லிக்கொடுப்பார்கள். வகுப்புக்கே போகாதவருக்கு அவை தெரியவருவது பெரும்பாலும் கைதான பிறகுதான்.

கடந்த ஐந்து ஆண்டில் அடிதடியில் காயம் ஏற்படுத்தியது, மிரட்டல், பொது இடத்தில் துப்பாக்கி காட்டி அச்சுறுத்தியது போன்ற சில சிறு குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கு இந்தச் சலுகை இல்லை. குடும்ப வன்முறைத் தண்டனை இருந்தால் ஃபெடரல் (மத்திய அரசு) சட்டமே தடுக்கிறது. கஞ்சா பழக்கம் இருந்தாலும் தடைதான். பக்கத்து நியூ மெக்சிகோவில் அது கடையில் கிடைக்கிறது என்பது துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் ஃபெடரல் படிவத்துக்குத் தெரியாது. போதையில் துப்பாக்கியோடு வெளியே நடமாடுவது தனிக் குற்றம். காரில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓட்டும்போது வேறு ஏதாவது குற்றம் செய்துகொண்டிருந்தால் (சாதாரணப் போக்குவரத்து அபராத வகை தவிர) வண்டியில் துப்பாக்கி இருப்பதே குற்றமாகிவிடும். முதல் முறை குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் அது கிளாஸ் பி, அதாவது சிறு குற்றங்களில் நடு வகை. இருக்கைக்குப் பக்கத்தில் துப்பாக்கி இருந்தால் அதற்குமேல் ஒரு கிளாஸ் ஏ சேரும். கிளாஸ் ஏ என்றால் சிறு குற்றங்களில் மேல் வகை: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம்.

உங்கள் கணவருக்கு இது ஒரு கெட்ட அனுபவத்தோடு முடியலாம். உங்களுக்கு அப்படி முடியாது. குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எந்தச் சட்டத்தையாவது மீறித் துப்பாக்கியை வாங்கினார், வைத்திருந்தார், எடுத்துச் சென்றார் என்று தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடுகடத்தலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவரும் இந்தப் பிரிவுக்கு வெளிநாட்டவர்தான். குற்றம் பெரியதா சிறியதா, ஒரு நாளாவது சிறையில் இருந்தாரா, அமெரிக்கா வந்து எத்தனை ஆண்டாயிற்று என்றெல்லாம் அந்தப் பிரிவு கேட்பதில்லை.

இதில் நம்மவர்கள் அதிகம் விழும் குழி ஒன்றுண்டு. டெக்சாஸில் முதல் முறை மாட்டியவருக்கு "டெஃபர்டு அட்ஜுடிகேஷன்" என்று ஒரு வழி காட்டுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், ஓராண்டு ஒழுங்காக இருங்கள், தண்டனை பதிவாகாது என்பார்கள். மாநிலச் சட்டப்படி அது உண்மை. குடியேற்றச் சட்டப்படி ஒப்புதலும் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடும் இருந்தாலே அது தண்டனைதான். நண்பர் யாரோ "எனக்கு அப்படித்தான் முடிந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னால் அவர் குடிமகனா என்று முதலில் கேளுங்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு கென்டக்கி வழக்கில், ஒப்புதல் வாக்குமூலத்தால் நாடுகடத்தல் வரக்கூடும் என்று குற்றவியல் வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்றது. நீங்களாகக் கேட்காமல் அவர் சொல்வார் என்று இருக்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே கிரீன் கார்டை மேசைமேல் வையுங்கள்.

நாடுகடத்தல் வழக்கில் நீதிபதியிடம் கருணை கேட்கவும் ஒரு வாசல் உண்டு. அதற்குக் கிரீன் கார்டு ஐந்து ஆண்டும், மொத்த வசிப்பு ஏழு ஆண்டும் ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டுதான் ஆகிறது. ஆக, இந்த நாட்டில் துப்பாக்கி விஷயத்தில் தவறு செய்ய உங்களுக்கு இதைவிட மோசமான காலம் கிடையாது. மறுபக்கம் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கணவர் மூன்று ஆண்டுக்குமேல் குடிமகன். அவரோடு சேர்ந்து வாழும் மனைவி என்ற முறையில், கிரீன் கார்டு மூன்று ஆண்டு நிறையும்போது நீங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் தேதிக்கு 90 நாள் முன்பே படிவத்தைக் கொடுக்கலாம். அதாவது இன்னும் ஒன்பது மாதம். அந்தப் படிவம் கைதானீர்களா என்றும் கேட்கும். வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் பதில் எழுதியாக வேண்டும்.

அதனால் என் கருத்து இது: குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாள் வரை துப்பாக்கியோடு வெளியே நடமாடாதீர்கள். கடை பூட்டும் நேரத்தில் கணவர் வந்து நிற்கட்டும், வசூலைப் பகலிலேயே வங்கியில் போடுங்கள், காரைக் கடை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். வக்கீல் துப்பாக்கியைப் பற்றிப் பேசாமல் கல்லாப்பெட்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்று தோன்றலாம். திருடன் தேடி வருவது அதைத்தானே.

அதையும் மீறி வேண்டும் என்று முடிவெடுத்தால், லைசென்ஸ் எடுத்துக்கொண்டு செய்யுங்கள். 2021க்குப் பிறகும் டெக்சாஸ் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எல்.டி.சி. (லைசென்ஸ் டு கேரி) என்பார்கள். கட்டாயம் இல்லாத ஒன்றுக்கு ஏன் பணம் கட்டவேண்டும் என்றால், மிகப் பெரிய காரணம் பள்ளிக்கூடம்.

ஃபெடரல் சட்டப்படி, பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான எந்தப் பள்ளியானாலும் அதன் எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் பொதுச் சாலையில் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டத்தின் கதையே டெக்சாஸில் தொடங்கியது. சான் அன்டோனியோ மாணவர் ஒருவரின் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தை அடித்துப்போட்டது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சொற்களை மாற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. விலக்கு யாருக்கு? தோட்டா இறக்கிப் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பவருக்கு, தனியார் இடத்தில் இருப்பவருக்கு, அந்த மாநிலமே சரிபார்த்து லைசென்ஸ் கொடுத்தவருக்கு. "மாநிலம் லைசென்ஸ் கேட்பதில்லை" என்பது "மாநிலம் லைசென்ஸ் கொடுத்தது" ஆகாது. இர்விங்கின் வரைபடத்தை விரித்துப் பள்ளிகளைச் சுற்றி 1,000 அடி வட்டம் போட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து கடைக்குப் போவதற்குள் எத்தனை வட்டத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறீர்கள் என்று தெரியும். பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிடுபவர் நீங்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது காரணம் தம்பியின் பல்கலைக்கழகம். பொதுப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை 2016 முதல் லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டுமே. லைசென்ஸ் இல்லாமல் கட்டடத்துக்குள் நுழைந்தால் மூன்றாம் நிலை ஃபெலனி (பெருங்குற்றம்): இரண்டு முதல் பத்து ஆண்டு, 10,000 டாலர் வரை அபராதம்.

மூன்றாவது, கடை வாசல் பலகைகள். டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் மூன்று பிரிவு எண்கள் வாசலில் எழுதியிருக்கும். 30.05 என்றால் லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியோடு வரக் கூடாது. 30.06 என்றால் லைசென்ஸ் உள்ளவரும் மறைத்துக் கொண்டுவரக் கூடாது. 30.07 என்றால் லைசென்ஸ் உள்ளவர் வெளியே தெரியக் கொண்டுவரக் கூடாது. 30.05 மட்டும் இருக்கும் இடத்தில் லைசென்ஸ் உள்ளவரைச் சட்டம் தடுக்காது. 30.06, 30.07 பலகைகளில் சட்டம் சொன்ன வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஓர் அங்குல எழுத்தில் இருந்தால்தான் செல்லும். லைசென்ஸ் இல்லாதவருக்கு அந்தக் கெடுபிடி தரும் பாதுகாப்பு குறைவு. துப்பாக்கிப் படத்தின்மேல் சிவப்புக் கோடு போட்ட சாதாரண ஒட்டுப்படமே போதிய எச்சரிக்கை என்று வாதிட இடமிருக்கிறது. பலகையைக் கவனிக்காமல் நுழைந்தால் 200 டாலர் வரை அபராதம். வெளியே போங்கள் என்று வாயால் சொன்ன பிறகும் நின்றால் கிளாஸ் ஏ. கோயிலுக்கும் இதுவே கணக்கு: நிர்வாகம் பலகை வைத்திருந்தால் கூடாது, வைக்காவிட்டால் சட்டம் தடுக்கவில்லை. சந்நிதியில் பையை ஓரமாக வைத்துவிட்டு விழுந்து கும்பிடும் வழக்கம் உள்ளவர்கள் சட்டம் தாண்டியும் கொஞ்சம் யோசிக்கலாம்.

லைசென்ஸ் இருந்தாலும் நுழையக்கூடாத இடங்கள் தனி. பள்ளிக் கட்டடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி, விமான நிலையத்தின் சோதனை தாண்டிய பகுதி, சிவப்பில் 51% என்று எழுதிய மதுக்கூடம். வருமானத்தில் பாதிக்குமேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்பதுதான் அந்த 51. ஒரு உணவகத்தில் அந்தப் பலகை இருந்தால் நீங்கள் சாப்பிட மட்டும் போனாலும் உள்ளே துப்பாக்கி கூடாது. மத்திய அரசு அலுவலகக் கட்டடங்களை மாநில லைசென்ஸ் தொடவே தொடாது. இர்விங்கிலேயே உள்ள குடியேற்றத் துறை அலுவலகத்துக்குக் குடியுரிமை நேர்காணலுக்குப் போகும்போது, தினம் எடுத்துப்போகும் அதே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். விமான நிலையத்தில் "மறந்துவிட்டேன்" என்பது பழகிப்போன பதில். 2023இல் மட்டும் நாடு முழுக்கப் பயணிகளின் கைப்பைகளில் 6,737 துப்பாக்கிகள் சிக்கின.

உங்கள் கடைக்குள் நீங்கள் வைத்திருப்பது பிரச்சினையே இல்லை. அது உங்கள் பொறுப்பிலுள்ள இடம். கடைக்கு வெளியே உள்ள வாகன நிறுத்தம் கட்டட உரிமையாளருடையது. வாடகை ஒப்பந்தத்தில் ஆயுதம் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

லைசென்ஸ் எடுக்கும் முறை கடினமில்லை. பொதுப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பம், 40 டாலர் கட்டணம். அது ஒப்புக்கொண்ட மையத்தில் கைரேகை. அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரிடம் 4 முதல் 6 மணி நேர வகுப்பு. இதை ஆன்லைனிலும் முடிக்கலாம். சுடும் தேர்வுக்கு மட்டும் நேரில் போகவேண்டும். மொத்தம் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. புதியவர்கள் 15 கஜத்தில்தான் கோட்டைவிடுவார்கள். விசையை இழுக்காமல் பிடுங்குவதால் குண்டு கீழே போகும். முதல் இரண்டு தூரத்திலேயே மதிப்பெண்ணைச் சேர்த்துவிடுங்கள். கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு தகுதி விதி: மாநிலத்துக்குச் செலுத்த வேண்டிய வரி பாக்கி என்று இறுதியாக முடிவாகியிருந்தால் லைசென்ஸ் கிடையாது. விற்பனை வரிக் கணக்கை முதலில் நேர்செய்யுங்கள். முதல் லைசென்ஸ் ஏறத்தாழ நான்கு ஆண்டு செல்லும், பிறகு ஐந்து.

வாங்கும்போது ஃபெடரல் படிவம் 4473 நிரப்ப வேண்டும். கிரீன் கார்டு எண், இப்போதைய முகவரியுள்ள அடையாள அட்டை தேவை. வீடு மாறி டிரைவிங் லைசென்ஸில் பழைய முகவரியே இருந்தால் கடையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்று ஒரு கேள்வி இருக்கும். உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு கணவர் உங்களுக்காக வாங்கினால் அதற்கு "ஆம்" என்று கையெழுத்திடுவது பொய் வாக்குமூலம். நீங்கள் வாங்கத் தகுதியுள்ளவர் என்பது அதைக் காப்பாற்றாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தன் பணத்தில் வாங்கி உங்களுக்குப் பரிசாகத் தரலாம். குழப்பமே வேண்டாம் என்றால், வைத்துக்கொள்ளப்போகிறவரே பணம் கொடுத்து அவரே கையெழுத்திடட்டும்.

இப்போது தம்பி. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அவன் பற்றிய வரிதான். மாணவர் விசா, எச்-1பி, எச்-4 எல்லாமே தற்காலிக விசாக்கள். அவற்றில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். 2022 முதல் 15 ஆண்டு வரை சிறை. படிப்பு முடிந்து வேலை, எச்-1பி, கிரீன் கார்டு வரிசை என்று நகர்ந்தாலும், கிரீன் கார்டு கையில் வரும் வரை தடை நீங்காது. டெக்சாஸின் 2021 சட்டத்துக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. மாநிலம் விலக்கியது மாநிலத்தின் விதியைத்தான். தெரிந்தே அவனிடம் கொடுப்பவருக்கும் அதே 15 ஆண்டு.

"வைத்திருப்பது" என்பதை நீதிமன்றங்கள் கையில் பிடித்திருப்பதாக மட்டும் பார்ப்பதில்லை. எடுத்துக்கொள்ளும் வழியும் எண்ணமும் இருந்தால் போதும். கடைச் சாவி அவனிடம், துப்பாக்கி கல்லா மேசை இழுப்பறையில், "ஏதாவது ஆனால் எடுத்துக்கொள்" என்று நீங்கள் சொல்லியும் வைத்திருக்கிறீர்கள் என்றால் வழக்கு தயார். ஆகவே கடையில் விட்டுவராதீர்கள். வீட்டில் அவனுக்குத் தெரியாத எண்ணோ உங்கள் கைரேகையோ வைத்தால்தான் திறக்கும் இரும்புப் பெட்டி வேண்டும். அவன் ஓட்டும் காரில் துப்பாக்கியோ தோட்டாவோ இருக்கக் கூடாது. சுடுபயிற்சிக் கூடத்துக்கு வேடிக்கையாகக்கூட அழைத்துப் போகாதீர்கள். ஃப்ளோரிடாவில் மாணவர் விசாவில் வந்து படிப்பு நின்றுபோன ஒருவர் பயிற்சிக் கூடத்தில் இரண்டு துப்பாக்கிகளால் சுட்டார், அவ்வளவுதான். வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உங்கள் தம்பிக்கு அவன் விசா எது என்று நன்றாகவே தெரியும்.

வேட்டை லைசென்ஸ் எடுத்தால் விலக்கு உண்டு என்று யாராவது அவனிடம் சொல்வார்கள். உண்மைதான், சட்டத்தில் இருக்கிறது. ஆனால் டெக்சாஸின் ஆண்டு வேட்டை லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31இல் முடிந்துவிடும். செப்டம்பர் 1 காலையில் அதே துப்பாக்கி அதே அலமாரியில் இருந்தால் அவன் குற்றவாளி. படிக்கிற பையன் அந்தக் கயிற்றின்மேல் நடக்க வேண்டாம்.

கைப்பை பற்றிக் கொஞ்சம். சட்டம் பையைத் தடுக்கவில்லை. நடைமுறையில் அது மிகப் பலவீனமான இடம். சாவி, பேனா, சீப்பு நடுவே துப்பாக்கி கிடந்தால் ஏதாவது விசையில் மாட்டி வெடிக்கும். திருடன் பிடுங்குவதும் முதலில் பையைத்தான். தள்ளுவண்டியில் வைத்துவிட்டு அரை நிமிடம் திரும்பினால் பிள்ளை பைக்குள் கையை விடும். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடனில் ஒரு வால்மார்ட் கடையில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டு அந்தத் தாய் இறந்தார். துப்பாக்கிக்கென்றே ஜிப் வைத்துத் தைத்த பை அது. அவருக்கு லைசென்ஸும் இருந்தது. எடுத்துச் செல்வதானால் விசையை முழுதும் மூடும் கெட்டியான உறையில், உடலோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு, தோட்டா ஏற்றிய துப்பாக்கி உங்கள் கவனக்குறைவால் எட்டினாலே குற்றம்; யாருக்காவது பலத்த காயமோ மரணமோ ஆனால் அது கிளாஸ் ஏ ஆகும். "துப்பாக்கியின் சுடும் அறையில் குண்டு ஏற்றவில்லை, மேகசின் (தோட்டா அடுக்கிய பெட்டி)தான் இருந்தது" என்பது பதிலாகாது. அதையும் தோட்டா ஏற்றியது என்றே சட்டம் கொள்கிறது.

போலீஸ் நிறுத்தினால்: இரண்டு கையும் ஸ்டியரிங்மேல். டிரைவிங் லைசென்ஸையும் துப்பாக்கியையும் ஒரே பையில் வைப்பது பலர் செய்யும் தவறு. அட்டையை எடுக்கப் பைக்குள் கை விடும்போது அதிகாரி பார்ப்பது அட்டையை அல்ல. அட்டையைத் தனியே வையுங்கள். எல்.டி.சி. இருந்தால், அடையாளம் கேட்கும்போது அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இல்லாதவர் தானாகச் சொல்லவேண்டும் என்று டெக்சாஸில் விதி இல்லை. கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று பேச்சைத் தொடங்காமல், "கைத்துப்பாக்கி இடது பக்கப் பெட்டியில் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?" என்று இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருடனை மிரட்ட எடுத்துக் காட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. பலத்தைப் பயன்படுத்த நியாயம் இருக்கும் தருணத்தில் மட்டுமே காட்டுவதற்கும் நியாயம் உண்டு. வாகன நிறுத்தத்தில் சண்டை போட்டவரிடம் காட்டினால் அது ஆயுதத் தாக்குதல் வழக்காகிவிடும். இரண்டு முதல் இருபது ஆண்டு. இரவில் திருட்டைத் தடுக்கச் சுடலாம் என்று டெக்சாஸ் சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பதைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். அதில் உள்ள நிபந்தனைகளைப் பிறகு ஜூரிதான் படிக்கும்.

கடைசியாக எடிசன் பயணம். இர்விங்கிலிருந்து ஆர்கன்சா, டென்னசி வரை லைசென்ஸ் கேட்காத மாநிலங்கள். வர்ஜீனியாவில் மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி வேண்டும். ஐ-81 நெடுஞ்சாலை மேரிலாந்தைச் சுமார் 12 மைல்தான் தொடுகிறது. அந்த 12 மைலுக்கும் அங்கே தனிச் சட்டம். பென்சில்வேனியாவில் லைசென்ஸ் இல்லாமல் காரில் வைத்திருப்பதே குற்றம். டெக்சாஸ் லைசென்ஸ் தரும் பள்ளிக்கூட விலக்கு டெக்சாஸ் பள்ளிகளுக்கு மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். நியூ ஜெர்சி வெளிமாநில லைசென்ஸ் எதையும் ஏற்பதில்லை. அனுமதியில்லாத கைத்துப்பாக்கிக்கு அங்கே ஐந்து முதல் பத்து ஆண்டு. குறைந்தது 42 மாதம் பரோல் இல்லாமல். 2013இல் பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்த ஒரு பெண் எல்லை தாண்டி வந்து, போக்குவரத்துப் போலீஸிடம் தானாகவே துப்பாக்கி பற்றிச் சொல்லிக் கைதானார். 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் மீண்டார். அவர் குடிமகள்.

தோட்டாவை இறக்கி, டிக்கியில் பூட்டி வைத்தால் மாநிலங்களைக் கடக்கலாம் என்று 1986ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டம் இருக்கிறது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் நீங்கள் அதைச் சட்டப்படி வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமை உள்ளவராக இருந்தால்தான் அது காக்கும். உங்கள் பயணம் முடிவதே எடிசனில் என்பதால் அந்தக் குடை உங்களுக்கு விரியாது. இர்விங் வீட்டுப் பெட்டியிலேயே பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

கிளம்பும் முன் காரையும் பைகளையும் உதறிப் பாருங்கள். பயிற்சிக் கூடத்திலிருந்து திரும்பும்போது இருக்கைக்கடியில் உருண்ட தோட்டா, டேஷ்போர்டில் மறந்த மேகசின் என்று ஏதாவது கிடக்கலாம். நுனி குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டாவும், பத்துக்குமேல் கொள்ளும் மேகசினும் நியூ ஜெர்சியில் துப்பாக்கி இல்லாமலே தனித்தனிக் குற்றம். நீண்ட பயணம் என்பதால் நடுவில் தம்பியும் ஸ்டியரிங்கைப் பிடிப்பான். அவனுக்கு எந்த மாநிலமானாலும் அந்த ஒற்றைத் தோட்டா போதும்.